மாலுமிகளின் ஆசான் இப்னு மாஜித்

மரக்கலம் செலுத்துவோரை நாம் மாலுமி என்கிறோம். இச்சொல் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் திரிபென்பர் அகராதி அறிஞர். முஅல்லிம் என்பதற்குக் கற்பிப்பவர் என்பது பொருள். கடலில் வழிகாட்டுவோனை ஆசானாகவே மதித்தது அக்கால அரபுலகம். அப்பெயருக்கு முற்றும் பொருந்த வாழ்ந்தவர் அஹ்மத் இப்னு மாஜித்.

இன்றைய ஐக்கிய அரபு நாடுகளைச் சேர்ந்த ராஸ் அல் கைமாப் பகுதியில் இருந்த ஜுல்ஃபார் துறைமுகமே அவர் பிறந்த ஊர். காலம் பதினைந்தாம் நூற்றாண்டு. பாட்டனாரும் தந்தையாரும் செங்கடலை நன்கறிந்த மாலுமிகள். தந்தையார் அக்கடல்வழியை ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகளில் பாடி வைத்தார். முன்னோர் அறிவைத் தம் அனுபவத்தோடு ஒப்புநோக்கி வளர்த்தார் மைந்தர். 1462இல் ஹாவியா என்னும் செய்யுள் நூலையும், ஹிஜ்ரி 895இல் (1489-90) கிதாபுல் ஃபவாயித் என்னும் உரைநடை நூலையும் இயற்றினார்.

அன்றைய மாலுமியின் வாழ்வு எளிதன்று. பருவக்காற்றைத் தவறவிட்டால் அயல்துறையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் விழித்திருந்து, சிறு பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, விண்மீனின் உயரத்தை விரற்கணக்கில் அளக்க வேண்டும். கணக்குப் பிழைத்தால் கலம் பாறையில் மோதும்.

எனினும், இப்னு மாஜித் வானநூலோடு நின்றாரல்லர். கடலோடியின் ஒழுக்கத்தையும் வகுத்தார். கலம் கரையில் இருக்கும்போதே அதன் குறைகளை ஆராய வேண்டும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றலாகாது. தன் சொல்லுக்குப் பணியாத கலத்தில் மாலுமி ஏறலாகாது. ஒருவருக்காக மற்றவருக்கு அநீதி இழைக்கலாகாது. வணிகரோடு வழக்கு நேரின், முன்பு பேசிய உடன்பாடும் கடல் மரபுமே அளவுகோல். எல்லாவற்றுக்கும் மேலாக, இறையச்சம் வேண்டும். நீதிமன்றம் எட்டாத நடுக்கடலில் இவையே சட்டமாய் நின்று உயிரையும் உடைமையையும் காத்தன.

இத்தகையவர்மீது ஒரு பழியும் விழுந்தது. 1498இல் மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்றும், மதுமயக்கத்தில் அதைச் செய்தார் என்றும் பதினாறாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் நஹ்ரவாலி எழுதினார். போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்களோ வழிகாட்டியைக் குஜராத்தி முஸ்லிம் என்றே குறித்தனர். இன்றைய ஆய்வாளருள் பலரும் அப்பழியை ஏற்பதில்லை. ஆயினும், பாடநூல்கள் சிலவற்றில் அக்கதை இன்னும் உலவுகிறது.

1500ஆம் ஆண்டையொட்டி எழுதிய பாடல்களோடு அவர் குரல் ஓய்கிறது. ஆராயாது சொன்ன ஒரு சொல், ஓர் அறிஞரின் அரை நூற்றாண்டு உழைப்பையே மறைத்துவிட வல்லது. கரையிலேயே கலத்தைச் சோதிக்கச் சொன்ன அப்பேராசானுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன், கேட்ட செய்தியையும் சோதித்தபின் ஏற்பதே ஆகும்.