அய்யா எழுதிக் கொடுக்காத கைச்சீட்டு



தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று சென்னையின் தென்புறத்தில் குடியேறிப் பிழைக்கும் அன்புக்கொடி மக்களின் பிள்ளைகள் பலர், சாமிதோப்பைத் திருவிழாவின்போது மட்டுமே பார்த்திருப்பார்கள். தாங்கலில் உச்சிப்படிப்புக்கு நிற்கும்போது தகப்பனார் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக் கட்டிவிட்டால், பிள்ளை ஒருநாள் கேட்கத்தான் செய்வான். மற்ற இடங்களில் சாமி முன்னால் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்கிறார்களே, இங்கே மட்டும் ஏன் கட்டச் சொல்கிறார்கள் என்று. நியாயமான கேள்வி. அதற்கான விடை அய்யாவின் சரித்திரம் முழுவதும் விரவிக் கிடக்கிறது. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரிலேயே அது தொடங்கிவிடுகிறது.

1809-ஆம் ஆண்டு, இன்று சாமிதோப்பு என்று வழங்கும் ஊரில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் மகனாக அய்யா பிறந்தார். பெற்றவர்கள் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த பிள்ளையின் பெயரில் முடியும் இருக்கக்கூடாது, பெருமாளும் இருக்கக்கூடாது என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். அரசும் அவர்கள் பக்கமே நின்றது. பெயரை மாற்றும்படி ஆயிற்று. முடிசூடும் பெருமாள் முத்துக்குட்டி ஆனார். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அரசாங்கம் செய்த முதல் காரியம் இதுதான்.

அன்றைக்கு இந்தச் சீமை திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான். அந்த ராஜ்யத்தில் நாடார், ஈழவர், புலையர், பறையர் முதலான சாதியாரின் உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கட்டளை இருந்தது என்றே சொல்லிவிடலாம். தலையில் பாகை கட்டக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது. காலில் செருப்புப் போடக்கூடாது. பொன் நகை அணியக்கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது, குடத்தை இடுப்பில் வைத்து எடுக்கக்கூடாது. வீட்டை ஒரு தட்டுக்கு மேல் உயர்த்திக் கட்டக்கூடாது. நம்பூதிரி எதிரே வந்தால் முப்பத்தாறு அடி விலகி நிற்க வேண்டும். பேசும்போது தன்னை அடியேன், அடிமை என்றே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இவை போதாதென்று வரிகள் வேறு. ஆளுக்குத் தலைவரி. மரத்துக்கு வரி. பனையில் சாத்தி ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டி ஏறும் தளைநாருக்குத் தளைக்காணம். கருப்பட்டி காய்ச்சி நாலு காசு பார்ப்பதற்குள், அந்தக் காசைக் கேட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். வரி கட்டியவனுக்கும் விடுதலை கிடையாது, ஊழியம் செய்தாக வேண்டும். ஊழியம் என்றால் அரசுக்குக் கூலியில்லாமல் செய்யும் வேலை. சர்க்கார் கச்சேரிகளில் எழுதுவதற்குப் பனையோலை கொண்டுபோய்க் கொடுப்பதும், சுமை தூக்குவதும் அதில் அடங்கும். தன் வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும், கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

மதம் மாறிய பெண்கள் மட்டும் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று 1814-இல் அரசு ஓர் உத்தரவு கொடுத்தது. மற்றப் பெண்களுக்கு அதுவும் இல்லை. தோள்சீலை போட்ட பெண்களைச் சந்தையிலும் வழியிலும் மறித்து அவமானப்படுத்தினார்கள், ஊர்கள் கலவரப்பட்டன. 1829 பிப்ரவரியில் அரசு மறுபடியும் பிரகடனம் வெளியிட்டது. நாடார் பெண்கள் தோள்சீலை போடக்கூடாது, ஊழியம் வழக்கம்போல் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். முத்துக்குட்டிக்கு அப்போது இருபது வயது. தாயும் மனைவி திருமாலம்மையும் இருந்த வீட்டில் அந்தச் செய்தி எப்படி விழுந்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு அவருடைய தேகத்தில் நோய் கண்டது. உற்றாரும் தாயாரும் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றார்கள். கடலில் இறங்கியவர் திரும்பி வரவில்லை. கூட வந்தவர்கள் கரையில் நின்று அழுதார்கள். மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளினார். ஆங்கில ஆண்டு 1833. பெற்ற தாய் மகனே என்று ஓடி வந்தபோது, தாம் இனி அவளுக்கு மட்டும் மகன் இல்லை, நாராயணர் பெற்ற பிள்ளை என்று அய்யா உணர்த்தினார்.

பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டுத் தவம். முதல் தவம் கலியை முடிப்பதற்காக, இரண்டாவது சாதிக்காக, மூன்றாவது பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும் என்று அகிலம் வகுத்துச் சொல்லும். எந்தெந்தக் கட்டளைகள் மக்களை நெரித்தனவோ, அவற்றை மனத்தில் வைத்தே அய்யா தவமிருந்தார் என்பது இந்த வரிசையிலேயே விளங்குகிறது.

நோயாளிகள் வந்தார்கள். தண்ணீரும் மண்ணும் வாங்கிக் குடித்துப் பூசிச் சுகப்பட்டார்கள். அப்படி வந்தவர்கள் ஒரே சாதியாராய் இல்லை என்பதுதான் பெரிய சேதி. கிணற்றடியில் ஒரு சாதி இறைத்த தண்ணீரை இன்னொரு சாதி தொடாத காலத்தில், முந்திரிக்கிணற்றின் நீரை எல்லாரும் ஒன்றாய்க் குளித்தார்கள், ஒன்றாய்க் குடித்தார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள். ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு பணிவிடைக்கு நிற்கச் சொன்னார். முடிசூடும் பெருமாள் என்ற பெயரை ஒருவரிடமிருந்து பறித்தார்கள், அவரோ தம்மிடம் வந்த அத்தனை பேருக்கும் முடி சூட்டினார். பெண்கள் தோள்சீலையோடு வந்து நின்றார்கள். இதற்கெல்லாம் அரசிடம் ஒரு மனுவும் போடவில்லை. யாரிடமும் உத்தரவு வாங்கவில்லை.

அது சும்மா விடக்கூடிய காரியமா? சாணான் குடியில் பிறந்த ஒருவனைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சனம் போகிறது, அவன் ராஜ்யத்துக்கு விரோதமாகக் கூட்டம் சேர்க்கிறான் என்று புகார் போயிற்று. அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. 1838-இல் அவர் சுசீந்திரத்துக்கு வந்து தங்கியிருந்தபோது அய்யாவைப் பிடித்துவர ஆணையிட்டார். ஆயர் குலத்துப் பூவண்டர் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை. படை வந்தது. கூடியிருந்த மக்கள் எதிர்த்து நிற்கத் துணிந்தார்கள். அய்யா ஒருவரையும் கை ஓங்க விடவில்லை, பொறுத்திருக்கச் சொன்னார். அவரைக் கட்டி இழுத்து, அடித்து, வழியெல்லாம் ஏளனம் செய்துகொண்டே கொண்டு போனார்கள். சுசீந்திரத்தில் ராஜா தம் மோதிரத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது என்னவென்று கேட்டார். சர்வமும் அறிந்த அய்யா ஒன்றும் அறியாதவர்போல் மௌனமாய் நின்றார்.

அங்கிருந்து திருவனந்தபுரம், சிங்காரத்தோப்புச் சிறை. அங்கே நடந்தவை நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்ட கதைகள்தாம். நஞ்சு கலந்த பாலைக் கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். அறைக்குள் மிளகாய் வற்றலைக் கொட்டித் தீ மூட்டினார்கள். கடைசியில், பட்டினி போட்ட புலியின் கூண்டுக்குள் தள்ளினார்கள். புலி அய்யாவின் பாதத்தில் படுத்துக்கொண்டது.

இந்த அற்புதங்களைச் சொல்லும் வேகத்தில், அடுத்து நடந்ததைப் பலரும் ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள். அங்கே சற்று நிற்க வேண்டும். எதற்கும் அசையாதவரை இனி என்ன செய்வது என்று தெரியாமல், அரசு வேறொரு வழியை எடுத்தது. விட்டுவிடுகிறோம், ஆனால் ஒரு கைச்சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. இனிமேல் தம் சாதியாரோடு மட்டுமே இருப்பேன், மற்றச் சாதியாரைக் கூட்டமாட்டேன் என்று எழுதி ஒப்பமிட்டால் போதும், கதவு திறக்கும்.

புலிக்கூண்டைவிட இது கடினமான சோதனை. புலி உடம்பைத்தான் கேட்டது. இந்தச் சீட்டு கேட்டதோ முந்திரிக்கிணற்றை, சமபந்தியை. மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் தெரியாது. அரசு அவருடைய வழிபாட்டைத் தடுக்கவில்லை, அவருடைய சனத்தை அவரோடு விட்டுவிடவும் தயார். உன் சாதிக்குள் நீ சாமியாய் இருந்துகொள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்கிறது. ஊரில் எத்தனையோ பேர் இதை வெற்றி என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வெளியே காத்திருந்த மக்களில் சிலரும்கூட, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் போதுமே என்று உள்ளூரத் தவித்திருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டில் ஒப்பமிட்டால், யார் யாரோடு சேரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ராஜாவுக்கு உண்டு என்று அய்யாவே ஒத்துக்கொண்டதாகும். சாதிக்கென்று இருந்த தவமும் அன்றோடு வீணாகும்.

அய்யா எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்று மாதங்களுக்கு மேல் சிறையில் வைத்திருந்து, 1839-இல் நிபந்தனை எதையும் நிறைவேற்ற முடியாமலே விட்டுவிட்டார்கள். மக்கள் அய்யாவை வாகனத்தில் ஏற்றிச் சுமந்து, போன வழியே சாமிதோப்புக்குக் கொண்டு வந்தார்கள். கட்டி இழுத்துப் போன பாதையில் தலைப்பாகை கட்டிய கூட்டம் திரும்பி நடந்தது.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொன்னவர் அல்லர் அய்யா. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிறகு எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசு இருந்தன. நாளுக்கு மூன்று முறை குளியல், துணியைத் துவைத்து உடுத்தல், ஒரு வேளை சோறு, மீனும் இறைச்சியும் இல்லை. திருவிதாங்கூர் அரசு போட்ட எந்தச் சட்டத்தையும்விடக் கடுமையான ஒழுங்கு இது. ஆனால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லாச் சாதிக்கும் ஒன்றாய் இருந்தது, சொன்னவர் தாமே முதலில் ஆறு ஆண்டு தவமிருந்து காட்டியிருந்தார், வேண்டாதவர் எழுந்து போனால் பிடித்து இழுக்க ஆள் இல்லை. அழுக்குச் சாதி என்று தள்ளிய உலகத்தின் முன்னால், அந்த மக்கள் துவைத்த ஆடையோடு தாங்களாகவே நிமிர்ந்து நின்றார்கள். உயிர்ப்பலியையும் காணிக்கையையும் காவடியையும் அய்யா விலக்கியதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. அரசுக்கு வரி கட்டியே ஒடிந்தவனிடம் சாமியும் ஒரு வரி கேட்கலாகாது என்பதே அய்யாவின் கருணை.

சீடர் ஐவரில் சகாதேவன் சீடரான அரிகோபாலர், கொல்லம் 1016-இல், அதாவது 1841-இல், அகிலத்திரட்டு அம்மானையை ஓலையில் எழுதினார். எந்த ஓலையை ஊழியமாகச் சுமந்து கச்சேரிக்குக் கொடுத்து வந்தார்களோ, அதே பனையோலையில் அந்த அரசின் அநீதி பதிவாயிற்று. அகிலம் அந்த அரசனை நீசன் என்றே அழைக்கும். ஊர் ஊராகத் தாங்கல்கள் எழுந்தன. 1851 வைகாசி 21-இல் அய்யா வைகுண்டம் எழுந்தருளினார்.

அரசின் சட்டம் பின்னால் மெதுவாக வந்தது. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது. 1859 சூலையில், கலவரங்களுக்குப் பிறகு, நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் செய்தார். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது. கோயில் கதவு எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அய்யாவின் பதியில் ஒரே கிணற்று நீரைக் குடித்துவிட்டு, ஒரே வாசலில் தலைப்பாகையோடு நின்றவர்களுக்கு அப்போது ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருந்தது.

மாசி 20-க்கு நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு. தாம்பரம் பக்கத்தில் இருப்பவர்கள் வேலை செய்யும் இடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேற வேண்டும். மாலையில் தாம்பரத்தில் நிற்கும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் நாகர்கோவில். திருச்செந்தூரிலிருந்து ஒரு ஊர்வலமும், சிறையிருந்த திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஊர்வலமும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அகிலத்திரட்டை வாகனத்தில் வைத்து, காவிக் கொடி பிடித்து, ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாய் சாமிதோப்பு நோக்கி நடப்பார்கள். பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் அன்று காலையிலேயே அவன் தலையில் துண்டைக் கட்டிவிடலாம்.