தூக்கணாங்குருவியும் சாலிம் அலியும்

பனையோலையில் ஊசலாடும் தூக்கணாங்குருவிக் கூட்டினைக் கண்டு வியவாதார் இலர். ஆயின், பாதி கட்டிய கூட்டினைக் கைவிட்டு மீண்டும் முதலிலிருந்து நெய்யும் நிலை அக்குருவிக்கு நேர்வதை அறிந்தோர் சிலரே. அப்பறவையின் வாழ்வை அருகிருந்து ஆராய்ந்தவர் சாலிம் அலி. அவ்வேளையில் அவரும் வேலையிழந்து நின்றார் என்பதை எண்ணும்போது, அவ்வரலாறு நமக்குப் பெரும்பாடமாகின்றது.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, மூன்று வயதிற்குள் தந்தையையும் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி அவரை வளர்த்தார். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்த அவரை, மாமன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அக்கழகச் செயலர் மில்லர்டு காட்டிய பறவைத் தொகுப்பு, அச்சிறுவனின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது.

எனினும் வழி எளிதாக அமையவில்லை. தீராத தலைவலி கல்விக்குத் தடையாயிற்று. பர்மாவில் ஈடுபட்ட குடும்பத் தொழிலும் கைகொடுக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பணி கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி வாய்த்தது. விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லினில் பேரறிஞர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் பயின்றார். 1930-இல் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது!

கற்ற கல்வி உண்டு. உண்பதற்கு ஊதியம் இல்லை. அந்நிலையில் மனைவி தெஹ்மினாவுடன் பம்பாய்க்குத் தெற்கேயுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் சென்று தங்கினார். அங்கே மழைக்காலம் வந்தது. தூக்கணாங்குருவிகளும் கூடு கட்டத் தொடங்கின. சாலிம் அலி பொறுமையுடன் அவற்றை நாள்தோறும் கண்காணித்தார்.

ஆண்குருவியே புல்லிழைகளைக் கிழித்து வந்து கூடு நெய்கின்றது. பாதி முடிந்ததும் பெண்குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. ஒன்று ஏற்றுக்கொண்டால், ஆண்குருவி முட்டையறையையும் நீண்ட நுழைவாயிலையும் அமைத்து அக்கூட்டினை நிறைவு செய்கின்றது. ஏற்பார் இல்லையெனில், அதனை விட்டு வேறொன்றைத் தொடங்குகின்றது. மழையும் பசும்புல்லும் இருக்கும்வரை அதன் முயற்சி ஓய்வதில்லை. பருவத்திற்கு முன்னரும் அது பதறுவதில்லை. இவ்வாய்வே சாலிம் அலியைப் பறவையியல் உலகில் அறிமுகப்படுத்தியது. வேலை இருந்திருப்பின் கிஹிமில் அத்தனை நாள் தங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிராது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர், செலவுத்தொகை மட்டும் பெற்றுக்கொண்டு ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1939-இல் துணைவியாரின் மறைவு அவரைப் பெரிதும் தாக்கியது. ஆயினும் பணி நிற்கவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூல் 1974-இல் நிறைவுற்றபோது அவருக்கு வயது எழுபத்தேழு. 1976-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். பட்டம் இல்லையென ஒதுக்கப்பட்டவரைப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவராக்கி மகிழ்ந்தன. 1987 ஜூன் 20-இல் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். அவர் பெயரால் 1990-இல் கோயம்புத்தூரில் பறவையியல் மையம் நிறுவப்பட்டது.

பொறுமை என்பது கைகட்டிக் காத்திருத்தல் அன்று; பருவம் வரும்வரை பார்த்திருந்து, வந்தபின் சலியாது நெய்தலே ஆகும். தேர்விலோ வேலைத் தேட்டத்திலோ ஒருமுறை தவறியதும் மனம் ஒடியும் மாணவமணிகள், ஊர்ப்புறத்துப் பனைமரத்தைச் சற்றே அண்ணாந்து நோக்குவாராக. அங்கே பாதியில் நின்றுபோன கூடுகளும் உள. அவற்றின் அருகிலேயே நிறைவுற்ற கூடுகளும் உள.