இராபர்ட் லௌத்

ஆங்கில மொழிக்கு இலக்கணம் வகுத்த பெரியோருள் இராபர்ட் லௌத் என்பவர் தலைசிறந்த ஒருவராவர். இவர் இங்கிலாந்திலே வின்செஸ்டர் நகரில் 1710-ஆம் ஆண்டு பிறந்தார். ஆக்ஸ்போர்டிற் பயின்று, 1741-இல் அங்கேயே கவிதைப் பேராசிரியராயினார். எபிரெயக் கவிதையைப்பற்றி இவர் இலத்தீனில் நிகழ்த்திய விரிவுரைகள் 1753-இல் நூலாக வெளிவந்து இவருக்குப் பெரும்புகழ் ஈட்டின.

அவ்வாண்டிலேயே இவர்க்கு மூத்த மைந்தன் பிறந்தான். அம்மைந்தன் கற்றற்பொருட்டு இவர் எழுதத் தொடங்கிய சிறு நூலே, 1762-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ஆங்கில இலக்கணமாம்.

இலத்தீன் இலக்கண நூலார் பெயருரிச்சொல்லைப் பெயரின் ஒரு வகையாகவே கொண்டனர். லௌத் அதனைத் தனிச்சொல்லாக வைத்து எண்ணினார். இலத்தீனில் அச்சொல் தான் தழுவும் பெயர்க்கேற்பப் பால், எண், வேற்றுமை காட்டி உருமாறும். ஆங்கிலத்திலோ அவ்வாறு மாறுவதில்லை; ஒப்புமை கூறுமிடத்து மட்டுமே திரியும். ஓரசைச்சொல் 'அர்', 'எஸ்ட்' என்னும் விகுதிகளைப் பெறும். நெடிய சொல் 'மோர்', 'மோஸ்ட்' என்பவற்றை முன்னே கொள்ளும். இரண்டும் ஒருங்கே வருதல் வழுவென்பது இவர் துணிபு. ஆதலின் ஷேக்ஸ்பியர் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் எழுதிய 'மோர் பிரேவர்' என்பதனையும் இவர் வழுவென்றார்; ஆங்கில வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளிற் காணும் 'மோஸ்ட் ஸ்ட்ரெய்ட்டஸ்ட்' என்பதனையும் விட்டாரல்லர்.

ஆயினும், பழைய ஆங்கிலச் சங்கீத மொழிபெயர்ப்பிலுள்ள 'மோஸ்ட் ஹையஸ்ட்' என்னுந் தொடரை மட்டும் இவர் தள்ளவில்லை. கடவுள் உயர்ந்தவை யாவற்றினும் உயர்ந்தவராதலின், அவரைக் குறிக்குமிடத்து அவ்விரட்டிப்பு தனிப்பொருத்தமுடைத்தென அமைத்துக்கொண்டார். வேதத்தின் சொல்லென்று அஞ்சி இவர் வழுவை மறைத்ததுமில்லை. விதியென்று பற்றிப் பொருளை மறந்ததுமில்லை. தேர்வின்பொருட்டு விதிகளை மனனஞ் செய்யும் மாணவராகிய நாம் இதனை உன்னுதல் தகும்.

1777-இல் லௌத் இலண்டன் அத்தியட்சரானார். மறுவருடமே, எவனுக்கென்று இலக்கணம் தொடங்கினாரோ அம்மைந்தன் தாமஸ் ஹென்றி இளம்பருவத்திலே இறந்தான். 1783-இல் காண்டர்பரிப் பேரத்தியட்சர் பதவி இவரை நாடி வந்தது. முதுமையும் பிணியும் வருத்தவே அதனை ஏலாது விடுத்தார். 1787-இல் உயிர் நீத்தார்.

1795-இல் லிண்ட்லி மரே இயற்றிய ஆங்கில இலக்கணம் இவர் நூலைப் பெரிதுந் தழுவியதாகும். அந்நூல் வாயிலாக இவ்விதிகள் பல நாட்டுப் பள்ளிகளிலும் பரவின. ஒரு தந்தை தன் மகனுக்கெனத் தொடங்கிய பாடம், அம்மகன் மறைந்த பின்னரும் எண்ணிறந்த பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. பெயருரிச்சொல்லின் விதிகளைக் கற்குந்தோறும் அத்தந்தையை நாம் நன்றியுடன் நினைப்போமாக.