பூட்டி வைக்காத கலை

ஈப்போ, ஜெலாப்பாங் போன்ற ஊர்களில் மாலை வேளைகளில் மாணவர்கள் பலர் கராத்தே, தெக்குவாண்டோ, சிலம்பம் முதலிய தற்காப்புக் கலைகளைப் பயில்கின்றனர். சில வேளைகளில் வெளியூரிலிருந்து மூத்த பயிற்றுநர் ஒருவர் வருவார். வெவ்வேறு மன்றங்களைச் சேர்ந்தவர்கள் ஒரே மண்டபத்தில் கூடி அவரிடம் கற்பர். இதனைப் பயிலரங்கு என்கிறோம். ஆனால், ஒரு பள்ளியின் கலையை மற்றொரு பள்ளியினருக்குக் காட்டுவதே தவறு என்று கருதப்பட்ட காலமும் இருந்தது. அந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர், ஜூடோ கலையை உருவாக்கிய ஜிகோரோ கானோ.

கானோ, 1860ஆம் ஆண்டு ஜப்பானின் மிக்காகே என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று கோபே நகரின் ஒரு பகுதியாக உள்ளது. இளமையிலேயே தாயை இழந்த அவர், தந்தையுடன் தோக்கியோவிற்குச் சென்றார். படிப்பில் கெட்டிக்காரர், ஆனால், உருவத்தில் மிகச் சிறியவர். வளர்ந்த பின்னும் அவரது உயரம் 160 சென்டிமீட்டரை எட்டவில்லை. பள்ளியில் வலிமை மிக்க மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினர். சிறியவரும் பெரியவரை வீழ்த்த உதவும் ஜூஜுத்சு என்னும் பழங்கலையைக் கற்க வேண்டும் என்ற வேட்கை அவருள் எழுந்தது.

ஆசானைத் தேடுவது எளிதாக இல்லை. ஜப்பான் மேல்நாட்டுப் புதுமைகளை நாடிய காலம் அது. சாமுராய் வீரர்கள் தம் சிறப்புரிமைகளை இழந்திருந்தனர். பழைய போர்க்கலைகளை மதிப்பாரில்லை. ஜூஜுத்சு ஆசான்கள் சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்து வந்தனர். நம்மவரிடையே சிலம்பமும் வர்ம வைத்தியமும் அறிந்த ஆசான்கள் இருந்ததைப் போன்றதே இது. எனவே, கானோ எலும்பு முறிவு வைத்தியர்களை நாடிச் சென்று விசாரித்தார். அவ்வாறு 1877ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தவர்தான் புகுதா ஹச்சினோசுகே.

புகுதா விளக்கம் சொல்லிக் கற்பிப்பவர் அல்லர். ஒரு பிடியை எப்படிச் செய்வது என்று கானோ கேட்டால், அவரை மீண்டும் மீண்டும் தூக்கி எறிந்தே உணர்த்துவார். உடலெங்கும் காயங்களுக்கு மருந்து பூசிக்கொண்டு கானோ பயிற்சியைத் தொடர்ந்தார். பயிற்சிக் கூடத்தில் தம்மைவிடப் பெரிய உடல்வாகு கொண்ட ஒருவரை அவரால் வெல்லவே முடியவில்லை. கானோ சோர்ந்துவிடவில்லை; நூலகத்திற்குச் சென்று மேல்நாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிராளியைத் தோள்மேல் தூக்கி வீசும் முறை ஒன்றை அவற்றிலிருந்து கற்று, அவரை வீழ்த்தினார். நல்ல உத்தி எங்கிருந்தாலும் கற்கலாம் என்பதை அந்த அனுபவம் அவருக்கு உணர்த்தியது.

1879இல் புகுதா காலமானார். அவரது பள்ளியின் இரகசியங்கள் எழுதப்பட்ட சுருள்கள் கானோவின் கைக்கு வந்தன. அவர் அத்துடன் நின்றுவிடாமல், வேறு இரு ஆசான்களிடமும் பயின்றார். ஒரு பள்ளி பிடிகளிலும் மற்றொரு பள்ளி வீச்சுகளிலும் சிறந்து விளங்கின. எதிராளியை இழுத்தோ தள்ளியோ அவரது சமநிலையை முதலில் குலைத்துவிட்டால், சிறிய விசையாலும் அவரை வீழ்த்தலாம் என்பதைக் கானோ தெளிவாகக் கண்டறிந்தார்.

1882ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் கொடோக்கான் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பாய்கள் பன்னிரண்டு, மாணவர்கள் ஒன்பதே பேர். அங்கு அவர் கற்பித்த கலையே ஜூடோ. உயிருக்கு ஆபத்தான உத்திகளைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து நீக்கினார். காயமின்றி விழுவதைப் பழக்கினார். கடுங்குளிர்காலத்தில் விடியுமுன் கூடிப் பயிலும் சிறப்புப் பயிற்சியும் கொடோக்கானில் ஒரு மரபாயிற்று. ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது கப்பலில் தம்முடன் மோதிய ஒருவரைக் கானோ தூக்கி வீசினார் என்றும், அவர் தலை தரையில் மோதாதபடி தம் கையால் தாங்கிக்கொண்டார் என்றும் கூறுவர்.

கானோ தொழிலால் கல்வியாளர். தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். கற்பிப்பவர்கள் கூடிப் பேசினால்தான் கல்வி வளரும் என்பதை அறிந்தவர். 1906இல் கியோத்தோ நகரில் பல ஜூஜுத்சு பள்ளிகளின் ஆசான்கள் கூடியபோது, அக்குழுவிற்கு அவரே தலைமை தாங்கினார். ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த அப்பள்ளியினர், பொதுவான பயிற்சி முறைகளை அங்கு இணைந்து வகுத்தனர்.

1922இல் ஒக்கினாவா தீவிலிருந்து புனாகோஷி கிச்சின் என்னும் பள்ளி ஆசிரியர் தோக்கியோவிற்கு வந்தார். அவர் கொண்டுவந்த கராத்தே, அந்நகரில் பெரும்பாலோர் அறியாத கலை. அதனைப் போட்டியாக எண்ணிக் கானோ ஒதுக்கிவிடவில்லை. புனாகோஷியைக் கொடோக்கானுக்கு அழைத்துத் தம் மாணவர்கள் முன்னிலையில் செய்து காட்டச் செய்தார். அதன்பின் புனாகோஷி தோக்கியோவிலேயே தங்கிக் கராத்தேயைப் பரப்பினார். இன்று கராத்தே மாணவர்கள் அணியும் வெள்ளைச் சீருடையும், தகுதியைக் காட்டும் பட்டையும் ஜூடோவிலிருந்து வந்தவையே.

கானோ பல நாடுகளுக்குப் பயணம் செய்து உரையாற்றினார். செயல்முறை விளக்கங்கள் அளித்தார். அவருடைய கலையைக் கற்றவர்களும் கடல் கடந்தனர். 1929இல் தகாகாகி என்னும் ஜூடோ ஆசிரியர், தாகூரின் சாந்திநிகேதனுக்கு வந்து மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1909இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தில் இடம்பெற்ற முதல் ஆசியர் என்ற பெருமையும் கானோவையே சேரும்.

1938இல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் மன்றக் கூட்டத்தில் கலந்துகொண்டு திரும்பும் வழியில், மே 4ஆம் நாள், கப்பலிலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 77. அவர் பாடுபட்டுப் பெற்ற 1940 தோக்கியோ ஒலிம்பிக் போட்டி போரினால் நடைபெறவில்லை. 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது ஜூடோவும் அதில் இடம்பெற்றது.

ஆற்றலை வீணாக்காமல் நல்வழியில் பயன்படுத்துவதும், தாமும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவதுமே கானோ தம் கலைக்கு வகுத்த இரு நெறிகள். சுருள்களில் மறைத்து வைக்கப்பட்டிருந்த கலைகள் பல காலத்தால் அழிந்தன. கானோ எல்லாருக்கும் திறந்து வைத்த கலையோ உலகெங்கும் வாழ்கிறது.