கை கழுவச் சொன்ன டாக்டர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். ஹாஸ்டல் கதைகளை மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் என் தொழிலுக்கு வருகிறேன். மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது கை கழுவுவதைத்தான். பி.பி. பார்ப்பது, ஊசி, கட்டு எல்லாம் அப்புறம். இதுக்கெல்லாம் ஒரு வகுப்பா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காகவே இக்னாஸ் செம்மெல்வைஸ் கதையை வைத்திருக்கிறேன்.

1818-ல் ஹங்கேரியில் புடா நகரத்து மளிகை வியாபாரி வீட்டில் பிறந்தவர். சட்டம் படிக்க வியன்னா போய், மருத்துவத்துக்கு மாறினார். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி டாக்டரானார். அங்கே இரண்டு வார்டு. முதலாவதில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் பயிற்சி மருத்துவச்சிகள். முதல் வார்டில் நூறு தாய்மாரில் ஏறக்குறைய 10 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பிரசவ ஜுரத்தால். இரண்டாவதில் 4 பேருக்கும் குறைவு. இது ஊருக்கே தெரியும். முதல் வார்டு வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டு அழுவார்களாம். வழியில் தெருவிலேயே பெற்றவர்கள்கூட பிழைத்துக்கொண்டார்கள்.

மனுஷருக்குத் தூக்கம் போய்விட்டது. கூட்டம் காரணமென்றால், இரண்டாவது வார்டில்தான் நெரிசல் அதிகம். படுக்க வைக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தார். சாகிறவர்களுக்காக மணியோசையோடு வரும் பாதிரியாரைக் கண்டு தாய்மார் பயப்படுகிறார்களோ என்று அவரை வேறு வழியாக வரச் செய்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர், பேராசிரியர் கொலெட்ஷ்கா இறந்தார். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி விரலில் பட்டிருந்தது. அவர் உடலில் கண்ட மாற்றங்களும் அந்தத் தாய்மார்கள் உடலில் கண்டவையும் ஒன்றே. செம்மெல்வைஸுக்குப் பொறி தட்டியது. மாணவர்கள் பிணவறையில் வேலை செய்துவிட்டு, சோப்பில் ஒரு அலம்பு அலம்பிவிட்டு, வாடை போகாத கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையில்லை.

மே மாதத்தில் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரணும் என்று உத்தரவு போட்டார். நம்ம பிளீச்சிங் பவுடர் தண்ணிதான். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதம் ஆனது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் வேலைக்கு முக்கியம். அக்டோபரில் ஒரு வரிசையில் முதல் கட்டிலில் கருப்பைப் புற்று வந்த பெண் கிடந்தாள். அவளைப் பரிசோதித்துவிட்டு அதே கையோடு அடுத்தடுத்த கட்டிலுக்குப் போனார்கள். சுமார் 12 பேரில் 11 பேர் போய்ச் சேர்ந்தார்கள். பிணத்திலிருந்து மட்டுமில்லை, உயிரோடிருக்கும் நோயாளியிடமிருந்தும் கை கொண்டுபோகும் என்று அப்போதுதான் புரிந்தது. அதுமுதல் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கழுவ வேண்டும் என்றார். வார்டுக்குள் நுழையும்போது ஒரு தரம் கழுவினால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இந்த 11 பேரைத்தான் சொல்வேன்.

கிருமிகள் பற்றிய விளக்கம் அன்று கிடையாது. பெரிய டாக்டர்களுக்கோ, தங்கள் கையே கொன்றது என்று கேட்கப் பொறுக்கவில்லை. 1849-ல் அவருக்கு வேலை நீடிக்கவில்லை. வியன்னா அவரையே கை கழுவிவிட்டது! மறு வருஷம் பெஸ்ட் நகரம் திரும்பி பிறகு ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவை ஏற்றார். 1851 முதல் 1855 வரை அங்கே 933 பிரசவங்களில் 8 பேர்தான் ஜுரத்தில் இறந்தார்கள்.

அவர் பக்கமும் தப்பு உண்டு என்பேன். கண்டதை உடனே எழுதி வெளியிடவில்லை. புத்தகம் வந்தது 1861-ல். மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்டினார். மனநிலையும் சரிந்துகொண்டே வந்தது. 1865 ஜூலையில், வேறெதையோ பார்க்கப் போவதாகச் சொல்லி வியன்னா மனநோய் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். தப்பிக்கப் பார்த்தவரைக் காவலர்கள் அடித்தார்கள். இரண்டு வாரத்தில், காயம் சீழ்பிடித்து ரத்தத்தில் விஷமேறிச் செத்தார். வயது 47.

கிருமிநாசினி அறுவை முறை பற்றி லிஸ்டர் எழுதியது 1867-ல். புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குச் செம்மெல்வைஸ் பெயரை வைத்தது 1969-ல்.