மயிலை தந்த இருதுறை வீரர்

காலம் தாழ்த்தி வந்த வாய்ப்பையும் கனியச் செய்தவர் கோட்டா இராமசாமி.

சென்னை இந்தியர்க்குக் கிரிக்கெட் சங்கம் கண்டவர் மயிலாப்பூர் புச்சிபாபு நாயுடு. அவர்தம் மைந்தராக 1896ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் இராமசாமி பிறந்தார். தாய்வழிப் பாட்டனார்க்குத் தத்துப் பிள்ளையானமையால் 'கோட்டா' என்னும் குடும்பப் பெயர் இவருக்கு வாய்த்தது. கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில் டென்னிஸில் புகழ்பெற்று, 1922இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவின் சார்பில் ஆடினார்.

கிரிக்கெட்டிலோ இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியதே 1932இல்தான். இராமசாமிக்கு அவ்வாய்ப்பு 1936இல், நாற்பது அகவை நிறைந்தபின், இங்கிலாந்து மண்ணில் கிட்டியது. மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்தாக் அலியும் தொடக்க இணையாக 203 ஓட்டங்கள் குவித்த அப்போட்டியில், இடக்கை மட்டையாளரான இவர் 40, 60 என எடுத்தார். அடுத்து ஓவல் திடலில் 29 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும் சேர்த்தார். சராசரி 56.66! ஆயினும் இந்தியாவின் அடுத்த டெஸ்ட் 1946இல்தான் நடந்தது. இவர்தம் டெஸ்ட் வாழ்வு இரு போட்டிகளோடு முடிந்தது. எனினும் ஆட்டத்தை அவர் துறந்தாரல்லர்; 1953இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகப் பணியாற்றினார்.

1985 அக்டோபரில், எண்பத்தொன்பதாம் அகவையில், அடையாற்று இல்லத்தினின்று வெளியேறியவர் மீண்டும் வரவேயில்லை. இறந்தவராகக் கருதப்படுபவர் என்றே கிரிக்கெட் ஏடுகள் குறித்தன.

அவருக்குக் கல்லறையில்லை; மறைந்த நாளும் தெரியவில்லை. ஆயினும் நாற்பதில் அவர் ஆடிய ஆட்டம், காலம் கடந்துவிட்டதெனச் சோர்வோர்க்கு என்றும் ஊக்கமளிக்கும்.