எலிசபெத் கென்னி

எலிசபெத் கென்னி (செப்டம்பர் 20, 1880 - நவம்பர் 30, 1952) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு செவிலியர் ஆவார். இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர்களின் கைகால்களை மாவுக்கட்டுகளாலும் சட்டங்களாலும் அசையாமல் கட்டி வைப்பது இவருடைய காலத்தில் மருத்துவ வழக்கமாக இருந்தது. அதை எதிர்த்து, வெந்நீர் ஒத்தடம், கைகால் அசைவு, தசைப் பயிற்சி ஆகியவை அடங்கிய ஒரு சிகிச்சை முறையை இவர் உருவாக்கினார். அது கென்னி முறை என்று அறியப்படுகிறது. தசை, மூட்டுக் கோளாறுகளுக்கு இயக்கத்தையே மருந்தாகக் கொள்ளும் இயன்முறை மருத்துவத்தின் வரலாற்றில் இவருக்கு முக்கிய இடம் உண்டு. இவருடைய சிகிச்சை முறையின் பெரும்பகுதி மருத்துவ உலகால் ஏற்கப்பட்டது. ஆனால் அதற்கு இவர் கூறிய காரணம் ஏற்கப்படவில்லை.

இவர் பரவலாக சிஸ்டர் கென்னி என்று அழைக்கப்பட்டார். இங்கு சிஸ்டர் என்பது துறவறத்தைக் குறிப்பதன்று. ஆஸ்திரேலியப் படைச் செவிலியர் பிரிவில் இவர் பெற்ற பதவியைக் குறிப்பதாகும்.

பிறப்பும் இளமையும்

கென்னி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள வாரியால்டா என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை மைக்கேல் கென்னி அயர்லாந்திலிருந்து குடியேறிய விவசாயி. தாயார் மேரி மூர். குடும்பம் பல ஊர்களுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதியில் உள்ள நோபி என்ற சிற்றூரில் குடியேறியது. இவர் பெற்ற பள்ளிக்கல்வி மிகக் குறைவு.

இளம் வயதில் குதிரையிலிருந்து விழுந்ததில் இவருடைய மணிக்கட்டு முறிந்தது. டூவூம்பா நகரில் ஏனியஸ் மெக்டானல் என்ற அறுவை மருத்துவர் இவருக்குச் சிகிச்சை அளித்தார். குணமடைந்து வந்த நாட்களில் அம்மருத்துவரிடம் இருந்த உடற்கூற்றியல் நூல்களையும் எலும்புக்கூட்டு மாதிரியையும் கொண்டு, தசைகள் எவ்வாறு எலும்புகளை இயக்குகின்றன என்பதை இவர் கற்றுக்கொண்டார். மெக்டானல் இவருக்கு வாழ்நாள் முழுவதும் வழிகாட்டியாக இருந்தார்.

செவிலியர் பணி

முறையான செவிலியர் பயிற்சி பெற்றதற்கோ, பதிவு பெற்ற செவிலியராக இருந்ததற்கோ இவருக்குச் சான்று எதுவும் இல்லை. எனினும் 1910 ஆம் ஆண்டளவில் நோபியில் தம் வீட்டிலிருந்தே செவிலியர் பணியைத் தொடங்கினார். மருத்துவர்கள் அரிதாக இருந்த அப்பகுதியில் குதிரையில் சென்று நோயாளிகளைக் கவனித்து வந்தார்.

1911 ஆம் ஆண்டில், கைகால்கள் வலியுடன் முறுக்கிக் கொண்டு அசைக்க முடியாத நிலையில் இருந்த குழந்தைகளை இவர் காண நேர்ந்தது. நோய் இன்னதென்று அறியாத கென்னி, அறிகுறிகளை விவரித்து மெக்டானலுக்குத் தந்தி அனுப்பினார். அது இளம்பிள்ளை வாதம் என்றும், காணும் அறிகுறிகளுக்கு ஏற்ப இயன்றதைச் செய்யுமாறும் பதில் வந்தது. கம்பளித் துணியை வெந்நீரில் தோய்த்துப் பிழிந்து இவர் ஒத்தடம் கொடுத்தார். வலி தணிந்த பின் கைகால்களை மெதுவாக அசைத்துப் பழக்கினார். நோயாளிகள் குணமடைந்தனர். இதன் பின்னர் அருகில் உள்ள கிளிஃப்டன் என்ற ஊரில் ஒரு சிறிய மருத்துவமனையை நிறுவினார்.

முதலாம் உலகப் போரின்போது, 1915 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் படைச் செவிலியர் பிரிவில் சேர்ந்தார். காயமுற்ற வீரர்களைத் தாயகத்துக்கு ஏற்றி வந்த கப்பல்களில் பணியாற்றினார். 1917 ஆம் ஆண்டில் சிஸ்டர் என்ற பதவி உயர்வு பெற்றார். 1919 ஆம் ஆண்டில் படைப்பணியிலிருந்து விலகினார்.

இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1920களில் மேரி என்ற சிறுமியைத் தத்தெடுத்து வளர்த்தார். காயமுற்றவர்களை அதிர்ச்சியின்றி எடுத்துச் செல்லும் தூக்குப் படுக்கை ஒன்றை வடிவமைத்து, 1927 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது சில்வியா எனப் பெயரிடப்பட்டது.

அக்கால மருத்துவ முறை

இளம்பிள்ளை வாதம் போலியோ எனவும் அழைக்கப்படும் ஒரு தொற்றுநோய் ஆகும். இந்நோயை உண்டாக்கும் தீநுண்மம் தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களைத் தாக்குகிறது. நரம்பணு அழிந்தால் அதன் கட்டுப்பாட்டில் உள்ள தசை செயலிழக்கிறது.

செயலிழந்த தசையை அதற்கு எதிர்ப்புறம் உள்ள வலுவான தசை இழுப்பதால்தான் கைகால்கள் கோணிப் போகின்றன என்று அக்கால மருத்துவர்கள் கருதினர். இதைத் தடுக்க, நோய் தொடங்கியவுடன் கைகால்களை மாவுக்கட்டு, மரச்சட்டம், உலோகச் சட்டம் ஆகியவற்றால் அசையாமல் கட்டினர். பல குழந்தைகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இவ்வாறு படுக்கையில் கிடந்தனர். கட்டை அவிழ்க்கும்போது, நோயால் பாதிக்கப்படாத தசைகளும் பயன்பாடின்றி மெலிந்தும், மூட்டுகள் இறுகியும் போயிருப்பது உண்டு.

கென்னி முறை

கென்னியின் பார்வை இதற்கு நேர்மாறாக இருந்தது. செயலிழந்த தசையைக் காட்டிலும், வலியுடன் இறுகிச் சுருங்கியிருக்கும் தசையே முதலில் கவனிக்கப்பட வேண்டியது என்று இவர் கருதினார். இறுகிய தசை தளர்ந்தால்தான் அதன் எதிர்த்தசை இயங்க முடியும் என்பது இவருடைய வாதம். இவர் கையாண்ட முறையில் பின்வரும் கூறுகள் முக்கியமானவை.

ஒத்தடம்: கம்பளித் துணித் துண்டுகள் கொதிநீரில் இடப்பட்டு, நீர் சொட்டாதவாறு நன்கு பிழியப்பட்டு, இறுகிய தசையின் மேல் சுற்றப்பட்டன. துணியில் நீர் மிகுதியாக இராததால் தோல் வெந்து போவதில்லை. மூட்டுகள் அசையும் வண்ணம் அவற்றின் மேல் துணி சுற்றப்படவில்லை. ஈரத்துணியின் மேல் நீர்புகாத் துணியும், அதன் மேல் உலர்ந்த கம்பளியும் சுற்றப்பட்டன. சூடு ஆறியவுடன் புதிய துணி மாற்றப்பட்டது.

உடல் நிலை: படுக்கையின் கால்மாட்டில் ஒரு பலகை பொருத்தப்பட்டது. நோயாளி நிற்பது போன்றே பாதங்களை அதில் பதித்து வைப்பதால், நிற்கும் உணர்வு மறந்து போகாமல் இருக்கும் என்று கருதப்பட்டது.

தசைப் பயிற்சி: வலி தணிந்த பிறகு ஒவ்வொரு தசையும் எங்கே உள்ளது, என்ன வேலை செய்கிறது என்பது நோயாளிக்கு விளக்கப்பட்டது. முதலில் செவிலியரே கைகாலை அசைப்பார். நோயாளி அந்தத் தசையில் மனத்தைச் செலுத்த வேண்டும். பின்னர் நோயாளியே முயல வேண்டும். குறிப்பிட்ட தசைக்குப் பதிலாக வேறு தசையால் அவ்வசைவைச் செய்வது அனுமதிக்கப்படவில்லை.

எதிர்ப்பும் விசாரணையும்

1932 ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில் எளிய சிகிச்சையகம் ஒன்றை இவர் தொடங்கினார். மாநில அரசின் ஆதரவு கிடைத்ததைத் தொடர்ந்து டவுன்ஸ்வில், பிரிஸ்பேன் முதலிய நகரங்களில் கென்னி சிகிச்சையகங்கள் செயல்பட்டன. 1937 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, சர்ரே பகுதியின் கார்ஷால்டனில் உள்ள குயின் மேரி மருத்துவமனையில் தம் முறையைச் செயல்படுத்திக் காட்டினார்.

இதற்கிடையே, கென்னி முறையை ஆராய குயின்ஸ்லாந்து அரசு முன்னணி மருத்துவர்களைக் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்திருந்தது. 1938 ஆம் ஆண்டில் வெளியான அதன் அறிக்கை இவருக்கு எதிராக அமைந்தது. கைகால்களை அசையாமல் வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவது பெரும் தவறு என்பது ஆணையத்தின் முடிவு. ஆயினும் மாநில அரசு தன் ஆதரவை முழுமையாக விலக்கிக் கொள்ளவில்லை. பிரிஸ்பேன் மருத்துவமனையில், நோய் தொடங்கிய நிலையிலேயே நோயாளிகளைக் கவனிக்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. அங்கு இவருடைய பணியை நேரில் கண்ட மருத்துவர்கள் சிலர் இவரை ஆதரித்தனர்.

இவருக்கு எழுந்த எதிர்ப்புக்கு இரு தரப்பிலும் காரணங்கள் இருந்தன. பட்டம் எதுவும் இல்லாத ஒரு செவிலியர் மருத்துவர்களுக்குக் கற்பிப்பதை அவர்களில் பலர் விரும்பவில்லை. கென்னியும் விமர்சனத்தைப் பொறுத்துக் கொள்ளாத இயல்பினர். தம்முடன் உடன்படாதவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டார். மேலும் இளம்பிள்ளை வாதத்தில் எந்தச் சிகிச்சையும் இன்றித் தாமாகவே குணமடைவோரும் பலர் உள்ளனர். ஆகவே, கட்டுப்பாட்டுக் குழுவுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சிகிச்சையின் பயனை உறுதிசெய்வது கடினம். அத்தகைய ஒப்பீட்டுக்குக் கென்னி உடன்படவில்லை. தம் சிகிச்சையால் பயனுண்டு என்று அறிந்திருக்கும்போது சில குழந்தைகளுக்கு அதை மறுப்பது முறையன்று என இவர் கருதினார்.

அமெரிக்காவில்

1940 ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்து அரசின் உதவியுடன் கென்னி அமெரிக்கா சென்றார். தொடக்கத்தில் அங்கும் ஆதரவு கிடைக்கவில்லை. நாடு திரும்பும் எண்ணத்தில் இருந்தபோது, மினசோட்டா மாநிலத்தின் மினியாப்பொலிஸ் நகர மருத்துவர்கள் இவருக்கு வாய்ப்பளித்தனர். வாலஸ் கோல், மைலண்ட் நாப், ஜான் போல் ஆகிய மருத்துவர்கள் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். 1941 ஆம் ஆண்டில் கோலும் நாப்பும் கென்னி முறையைப் பற்றிய தங்கள் முதற்கட்ட அறிக்கையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டின் இறுதியில் இளம்பிள்ளை வாதத்துக்கான அமெரிக்கத் தேசிய அறக்கட்டளையும் இம்முறைக்கு ஆதரவளித்தது. 1942 டிசம்பரில் மினியாப்பொலிசில் சிஸ்டர் கென்னி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பயிற்சி பெற்றனர்.

1943 ஆம் ஆண்டில், மார்த்தா ஆஸ்டென்சோ என்ற எழுத்தாளருடன் இணைந்து இவர் எழுதிய தன்வரலாறு வெளியானது. 1946 ஆம் ஆண்டில் இவருடைய வாழ்க்கை 'சிஸ்டர் கென்னி' என்ற பெயரில் திரைப்படமானது. கென்னியாக நடித்த ரோசலிண்ட் ரசல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகரான ஆலன் ஆல்டா, ஏழாம் வயதில் இந்நோய்க்கு ஆளாகிக் கென்னி முறையில் சிகிச்சை பெற்றவர். சூடான கம்பளி ஒத்தடம் தந்த வேதனையையும் அவர் பதிவு செய்துள்ளார். இம்முறை நோயாளிக்கு எளிதானதாக இருக்கவில்லை என்பதை இதனால் அறியலாம்.

புகழ் வளர்ந்தபோதும் எதிர்ப்பு ஓயவில்லை. 1944 ஆம் ஆண்டில் எலும்பு அறுவை மருத்துவர்கள் குழு ஒன்றின் அறிக்கை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. கென்னியின் கோட்பாட்டையும், குணமடைவோர் பற்றி அவர் கூறிய கணக்குகளையும் அது கடுமையாக விமர்சித்தது.

கோட்பாடும் உண்மையும்

இளம்பிள்ளை வாதம் முதன்மையாகத் தசைகளையும் சுற்றுத் திசுக்களையும் தாக்கும் நோய் என்று கென்னி பிற்காலத்தில் வலியுறுத்தினார். செயலிழந்ததாகத் தோன்றும் தசைகள் பலவும் உண்மையில் செயலிழக்கவில்லை. அவற்றைப் பயன்படுத்துவதை மனம் மறந்துவிட்டது என்றும் விளக்கினார். ஆனால் தண்டுவட நரம்பணுக்கள் அழிவதே செயலிழப்புக்குக் காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அழிந்த நரம்பணுவை ஒத்தடத்தாலோ பயிற்சியாலோ மீட்க இயலாது.

எனினும் கோட்பாட்டுப் பிழை சிகிச்சையின் பயனை இல்லாததாக்கவில்லை. ஈரச்சூடு தசைவலியைத் தணித்தது. அசைவு மூட்டுகள் இறுகுவதைத் தடுத்தது. பயிற்சி, எஞ்சியிருந்த நரம்பணுக்களையும் தசைகளையும் முழுமையாகப் பயன்படுத்த உதவியது. நீண்டகாலம் கட்டி வைக்கும் வழக்கம் 1940களில் பல நாடுகளில் கைவிடப்பட்டது.

இறுதிக்காலம்

1950 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இவர் நுழைவு அனுமதி இன்றி அந்நாட்டுக்கு வந்துசெல்ல உரிமை வழங்கியது. இது மிக அரிதாக வழங்கப்படும் மதிப்பாகும். பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்ட கென்னி, 1951 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று டூவூம்பாவுக்குத் திரும்பினார். நவம்பர் 30, 1952 அன்று அங்கு காலமானார். இவருடைய உடல் நோபியில் அடக்கம் செய்யப்பட்டது. இவருடைய இரண்டாவது தன்வரலாற்று நூல் 1955 ஆம் ஆண்டில் வெளியானது. அதே ஆண்டில் ஜோனாஸ் சால்க் உருவாக்கிய தடுப்பு மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் பல நாடுகளில் இந்நோய் வேகமாகக் குறைந்தது.

இயன்முறை மருத்துவத்தில் இவருடைய இடம்

இயன்முறை மருத்துவம் கென்னியால் தொடங்கப்பட்டதன்று. சுவீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813 ஆம் ஆண்டிலேயே உடற்பயிற்சிக் கல்வி நிறுவனத்தை ஏற்படுத்தியிருந்தார். பிரித்தானியாவில் 1894 ஆம் ஆண்டிலேயே பயிற்சி பெற்ற பிடித்துவிடுநர்களுக்கான சங்கம் அமைக்கப்பட்டிருந்தது. எனினும் கட்டி வைத்தலுக்கு எதிராக இயக்கத்தை முன்னிறுத்திய கென்னியின் போராட்டம், இயன்முறை மருத்துவத்தின் தேவையைப் பொதுமக்களும் மருத்துவர்களும் உணர வழிவகுத்தது.

கணுக்கால் சுளுக்கு போன்ற விளையாட்டுக் காயங்களிலும், நாட்பட்ட முதுகுவலியிலும், நீண்ட ஓய்வைவிட வலி அனுமதிக்கும் அளவுக்கு விரைவில் இயங்கத் தொடங்குவதே நல்லது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. தசை இறுக்கத்துக்கு ஈரச்சூடு கொடுப்பதும் வழக்கத்தில் உள்ளது. ஆனால் புதிதாக ஏற்பட்டு வீங்கியுள்ள காயத்துக்குச் சூடு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இளம்பிள்ளை வாதம் குறைந்த பின்னர், மினியாப்பொலிசில் உள்ள நிறுவனம் பக்கவாதம், தண்டுவடக் காயம் முதலியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு மையமாக மாறியது. 2013 ஆம் ஆண்டில் வேறொரு மறுவாழ்வு மையத்துடன் இணைந்து கரேஜ் கென்னி மறுவாழ்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நோபியில் இவருக்கு நினைவில்லம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.